ஏரிக்கரைக்கு எது: இலையா, ஓலையா, குச்சியா, போத்தா?

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். ஏரி நிறைந்து, மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் ஒரு வாரம் வழிந்து ஓய்ந்திருந்தது. கரையில் கிடந்த பாட்டில்களையும் பாலித்தீன் பைகளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாரி முடித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். "பொங்கலுக்குக் கரையில் ஏதாவது செய்து வைக்க வேண்டும், சார். சிமென்ட் பொம்மை வேண்டாம், பிளெக்ஸ் வேண்டாம். இங்கே கிடைக்கும் செடி கொடிகளை வைத்தே செய்ய வேண்டும்" என்றார்கள். கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. என்ன செய்யலாம் என்பதை நான் சொல்ல வேண்டுமாம்.

பள்ளியில் பல வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் வந்த மரியாதை. இந்த வகை வேலையில் நான் செய்தவை கொஞ்சம், கெடுத்தவை அதிகம். அதனால் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன்: எத்தனை நாள் நிற்க வேண்டும்? "எப்போதும்" என்றான் ஒருவன். "காணும் பொங்கல் வரைக்கும் போதும்" என்றாள் அவன் தங்கை. அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் இருக்கும் அந்தத் தூரத்துக்குள்தான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளியிலோ குடியிருப்பிலோ ஊரிலோ இதே கேள்வியோடு நிற்பவர்களுக்கு உதவலாம்.

நிலத்திலேயே, அங்கே கிடைப்பதை வைத்துச் செய்யும் இந்த வேலைக்கு நிலக்கலை என்று பெயர். நிலக்கலை என்றதும் சிலருக்கு ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் அமெரிக்காவின் உப்பு ஏரிக்குள் கல்லையும் மண்ணையும் லாரியில் கொட்டிப் போட்ட பெரிய சுருள் நினைவுக்கு வரும். அது ஒரு வழி. நம் கைக்கு எட்டுவது இன்னொரு வழி: நடந்து போகையில் கிடைக்கும் இலை, தண்டு, குச்சி, முள், விதை ஆகியவற்றை எடுத்து அதே இடத்தில் ஒன்றைச் செய்துவிட்டு, அதை வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிட்டு வருவது. இந்த மாதம் நம் வாசல்களில் சாண உருண்டை மேல் பூசணிப்பூ உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் ஏறக்குறைய இதுதான். விடியுமுன் வைத்தது மதியத்துக்குள் வாடிவிடும், மறுநாள் புதிதாக வைப்பார்கள். யாரும் அதற்குக் கலை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் இலை. பிள்ளைகளில் பாதிப் பேர் மனத்தில் இருந்தது இதுதான், ஏனென்றால் இணையத்தில் அவர்கள் பார்த்த படங்களில் பெரும்பாலானவை இலைப் படங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி இந்த வழியின் பெரிய பெயர். 1987இல் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் ரோவன் மரத்து இலைகளை நிறவாரியாகப் பிரித்து, மஞ்சளிலிருந்து சிவப்பு வரை, ஒரு கரிய குழியைச் சுற்றி வட்டமாக அடுக்கினார். குழியில் பூசுவதற்குச் சாயம் எதுவும் இல்லை. சுற்றிலும் இருக்கும் நிறத்தின் வேகத்தில் அது கிணறு போலத் தெரியும். இன்று நம்மிடம் இருப்பது அதன் புகைப்படம் மட்டும். பசை, கம்பி எதுவும் இல்லாமல் முள்ளாலும் இலைக்காம்பாலும் இலையோடு இலையைக் கோத்து அவர் செய்த வேலைகளைப் பார்த்து என் மாணவர்கள் வாய் பிளந்தார்கள். ஈர்க்குச்சியால் மந்தாரை இலை தைக்கும் பாட்டியைக் கண்டிருந்தால் இவ்வளவு வியந்திருக்க மாட்டார்கள்.

ரோவன் இங்கே இல்லை. நம் ஊரில் இலை சிவக்கும் மரம் நாட்டு வாதுமை. தை, மாசியில் ஒரே மரத்தில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், ரத்தச் சிவப்பு எல்லாம் தொங்கும். பூவரசின் பழுப்பு இலை வெயில் பட்டால் பளபளக்கும் மஞ்சள். ஒரு வருடம் பள்ளி மைதானத்தில் இவற்றை வைத்து ஒரு வட்டம் போட்டோம். பொறுக்க அரை மணி நேரம், நிறம் பிரிக்க ஒன்றரை மணி நேரம். பிரிப்பதுதான் வேலை என்பது அப்போதுதான் புரிந்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் பதினோரு படிகள் இருப்பதை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்டுபிடித்துத் தனித்தனிக் குவியலாக வைத்தாள். வகுப்பறையில் வண்ணச் சக்கரம் வரைந்து மாதக்கணக்கில் சொல்லியும் ஏறாதது அது. வட்டம் முடிந்தபோது மணி பத்து. பத்தேகாலுக்குக் காற்று எழுந்தது. பத்தரைக்கு இரண்டு ஆடுகள் வந்து பூவரசு இருந்த பக்கத்தை மட்டும் பார்த்துத் தின்றன.

எனவே இலைக்குச் சில விதிகள் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் தொடங்க வேண்டும். பனி ஈரம் இலையைத் தரையோடு ஒட்ட வைக்கும், காற்றும் இருக்காது. பெரிய இலையின் ஓரத்தில் சிறு கல் வைப்பதைவிடக் காம்பை மண்ணில் செருகுவது நல்லது. படம் எடுப்பவர் முன்கூட்டியே மாடியிலோ மரக்கிளையிலோ இடம் பார்த்து வைக்க வேண்டும். செலவு என்று ஒன்றும் இல்லை, அனுமதி கேட்க வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு நாள்தான், அதுவும் அரை நாள்தான். பள்ளிக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது என்பேன். ஊர் கூடிப் பார்க்க வேண்டிய பொங்கலுக்குப் போதாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மதியச் சாப்பாடு முடித்துக் கரைக்கு வரும்போது ஆடு மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒருவன் சொன்னான்: "சார், கோயம்பேட்டில் ராத்திரி போனால் சாமந்தி மலிவாகக் கிடைக்கும். பத்து மூட்டை வாங்கி வந்து கொட்டினால் இரண்டு நாள் நிற்கும்." நிற்கும்தான். ஆனால் விலைக்கு வாங்கி வந்து பரப்புவது அலங்காரம். கல்யாண மண்டபத்தில் அதை நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள். இந்த ஏரிக்கரையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கும் வேலையை அது நம்மிடமிருந்து பறித்துவிடும். கோயிலில் கழித்த மாலைகள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு நான் தடை சொல்லவில்லை. நூலைப் பிரித்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, வரிசையை மாற்றிக் குச்சிக்குப் போகிறேன். "எப்போதும்" என்று சொன்னவனுக்கு மனத்தில் இருந்தது இதுதான்.

குச்சி வேலையில் பெரிய பெயர் அமெரிக்கரான பாட்ரிக் டோகர்ட்டி. இளங்கிளைகளையும் நாற்றுமரங்களையும் வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, ஆள் உள்ளே நுழைந்து திரும்பும் அளவுக்குக் கூடுகளும் கோபுரங்களும் செய்கிறார். முந்நூறுக்கும் மேல் செய்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3 வாரம், உள்ளூர்த் தன்னார்வலர்கள் துணையோடு. சுமார் 2 வருடம் நிற்கும், பிறகு பிரித்துவிடுவார்கள். பெரிய பஞ்சாரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கோழிக்குப் பதில் குழந்தைகள் உள்ளே ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டியதும் கண் விரிந்தது. படல் கட்டத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், இதே ஏரியின் உள்வாயில் மண்டிக் கிடந்த நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டினோம். நீளமான தண்டு, உள்ளே துளை, முள் கிடையாது, நூல் மாதிரி வளையும். நெய்வதற்கென்றே கடவுள் படைத்ததுபோல் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் மண்ணில் முளைகளை ஊன்றி, ஒன்று விட்டு ஒன்று தண்டுகளைக் கோத்து, பாம்பு வளைவாக முப்பது அடிக்கு ஒரு வேலி பின்னினோம். அழகாகவே இருந்தது. பதினைந்தாம் நாள் முளைகளின் கணுவில் பச்சைப் புள்ளி. ஒரு மாதத்தில் இலை. இரண்டாம் மாதம் வெளிர்ஊதாப் புனல் பூக்கள் பூத்து, நாங்கள் பின்னியது எது, தானாக வளர்ந்தது எது என்று தெரியாமல் போனது. ஏரியை அடைக்கும் செடியை வெட்டி எடுத்து, அதையே வரிசையாக நட்டுத் தண்ணீர் ஓரத்தில் வைத்திருக்கிறோம்! வேரோடு பிடுங்கி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. ஈர மண் பட்டால் துண்டுத் தண்டுகூட வேர் விடும் செடி அது. ஆடு மாடு தின்றால் நஞ்சு என்பதும் பிறகுதான் உறைத்தது.

ஆகவே குச்சி என்று முடிவெடுத்தால் எந்தக் குச்சி என்பதே பாதி முடிவு. நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைப்பது சீமைக்கருவேலம். வெட்டினால் ஊரே நன்றி சொல்லும். ஆனால் முள் பொல்லாதது, சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். கழிகளை முள் சீவி ஒரு பக்கமாக அடுக்க இரண்டு ஆள் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். நெற்று காய்த்திருக்கும் கிளையை வேறிடத்துக்கு இழுத்துப் போனால் விதையையும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும். காய்ப்பு இல்லாத கிளையைத்தான் எடுக்க வேண்டும்.

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு உண்ணிச்செடி. அதை வைத்து நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்கள் செய்திருக்கும் வேலை, இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை உள்ள ஒன்று. பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த கைவினைஞர்கள் காட்டை அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி, நிஜ யானையின் அளவில் யானைகளைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரிந்த ஒரு காட்டு யானையின் உருவம், அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. 2021இல் லண்டன் பூங்காக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் நின்றன. 2024இல் 100 யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட் கடற்கரை நகரத்திலிருந்து பயணம் புறப்பட்டன. படங்களில் கவனித்துப் பாருங்கள்: தும்பிக்கையின் சுருக்கம் அத்தனையும் குச்சியின் வளைவு. தோலின் மடிப்பு விழும் இடத்தில் குச்சிகள் நெருங்கி ஓடும், வயிற்றில் அகலும். வரைந்து பழகியவனுக்கு அது கோட்டோவியம்.

பார்க்கும்போதே கை துறுதுறுக்கும். ஆனால் ஐயாயிரம் ரூபாயும் நான்கு வாரமும் வைத்திருக்கும் நாங்கள் இதற்கு ஆசைப்படக் கூடாது. வேகவைக்கக் கொப்பரை, உள்ளே இரும்புச் சட்டம், வெல்டிங், மாதக்கணக்கில் பழகிய கை. இரும்பு இல்லாமல் டோகர்ட்டி வழியில் போகலாம், ஆனால் அவர் குழி தோண்டிக் கழிகளை நட்டு நிறுத்துகிறார். எங்களுக்கோ இருக்கும் இடம் ஏரிக்கரை. கரையில் குழி தோண்டக் கூடாது, யார் அனுமதித்தாலும் கூடாது. குழி இருந்த இடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஊறி உட்புகும். இதைச் சொன்னதும் "எப்போதும்" என்றவன் முகம் சுருங்கியது. கரைக்கு வெளியே புறம்போக்கில் செய்யலாமே என்றான். செய்யலாம். அங்கே கரையான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் காய்ந்த குச்சிக் குவியலுக்குப் பக்கத்தில் பீடி குடிப்பவர்களும் இருப்பார்கள். குளிர்நாட்டில் 2 வருடம் நிற்பது இங்கே எத்தனை மாதம் நிற்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. சாய்ந்து குழந்தை மேல் விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கேட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊரில் பயன்படாமல் கிடக்கும் கழிகளும், பொறுப்பேற்க ஒரு சங்கமும், மேய்க்கால் அல்லாத ஒரு சமதளமும் இருந்தால் குச்சியைத் தாராளமாக எடுங்கள். இந்த நான்கு வழிகளுக்குள், வந்து பார்ப்பவர்களை அதிகம் கவர்வது இதுதான், சந்தேகமில்லை.

போத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. போத்து என்பது ஊன்றினால் துளிர்க்கும் கிளைத்துண்டு. உயிருள்ள செடியையே வடிவமாக வளர்ப்பது இந்த வழி. டேவிட் நாஷ் 1977இல் வேல்ஸ் நாட்டில் 22 ஆஷ் மரக் கன்றுகளை வட்டமாக நட்டு, வருடக்கணக்கில் வெட்டியும் வளைத்தும் மேலே ஒன்றுகூடும் குவிமாடமாக்கினார். பிறகு அந்த மர இனத்தையே ஐரோப்பா முழுவதும் வாட்டும் பூஞ்சை நோய் அங்கும் வந்து சேர்ந்தது. இத்தாலியின் ஆர்தே செல்லாவில் ஜுலியானோ மவுரி 2001இல் எழுப்பிய மரக் கோயிலின் உபாயம் எனக்கு இன்னும் பிடிக்கும். 12 மீட்டர் உயரத்துக்குக் கிளைகளால் பின்னிய 80 தூண்கள், ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு கன்று. பின்னல் மக்கி விழுவதற்குள் மரம் வளர்ந்து தூணின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2018இல் ஒரு பெரும்புயல் அதையும் குலைத்துப் போட்டது. வடகிழக்கில் மேகாலயத்தில் காசி மக்கள் ரப்பர் ஆலின் விழுதுகளை ஓடைக்கு மேல் இழுத்துப் பின்னி வளர்க்கும் பாலங்களோ ஒரு தலைமுறை நட்டு அடுத்த தலைமுறை நடப்பது.

நம்மிடமும் போத்து இருக்கிறது. பூவரசம் போத்து, கிளுவைப் போத்து, முருங்கைப் போத்து. வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். கிளுவை வேலியை வளைத்து ஒரு கூடமாக்குவது கடினமில்லை. ஆனால் அதற்குக் காலம் மழை தொடங்கும்போது, மழை முடிந்த பிறகு அல்ல. முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆட்டுக்குக் காவல் வேண்டும். பள்ளி வளாகம், மருத்துவமனைத் தோட்டம் போலச் சுற்றுச்சுவரும் தோட்டக்காரரும் உள்ள இடத்துக்குத்தான் இதைச் சொல்வேன். எங்கள் பிள்ளைகளில் மூன்று பேர் அடுத்த ஜூனில் கல்லூரிக்குப் போகிறார்கள். யார் ஊற்றுவது?

இதில் ஒரு கிளைவழி உண்டு, விதை. மழைக் காலத்தில் தொடங்கியிருந்தால் யோசித்திருக்கலாம். ஆக்னஸ் டெனஸ் 1982இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், விலை சொல்லி மாளாத நிலத்தில், 2 ஏக்கர் கோதுமை விதைத்து அறுத்தார், 450 கிலோவுக்கு மேல் விளைந்தது. வானளாவிய கட்டடங்களுக்குக் கீழே கதிர் அசையும் அந்தப் படத்தைப் பார்த்தால் ஏன் செய்தார் என்று கேட்கத் தோன்றாது. நம் அம்மன் கோயில் முளைப்பாரியும் பத்து நாளில் வளர்த்துத் தலையில் சுமந்து தண்ணீரில் கரைக்கும் ஒரு பயிர்ச் சிற்பம்தானே. ஆனால் அதைக் கோயிலிலிருந்து எடுத்து வந்து கரையில் காட்சிக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி ஓலை. கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் யாரும் இதைச் சொல்லவே இல்லை. கண்ணுக்கு எதிரே கிடப்பது கண்ணில் படாது.

எங்கள் தெருக்கோடியில் கீற்று முடையும் ஆயா ஒருவர் இருக்கிறார். வீடுகள் காங்கிரீட்டுக்கும் பந்தல்கள் தகரத்துக்கும் மாறிய பிறகு வேலை குறைந்துவிட்டது, கை மறக்கவில்லை. பிள்ளைகளை அவரிடம் அழைத்துப் போனேன். ஒரு பச்சைத் தென்னை மட்டையைக் குறுக்கே போட்டு, அடிப்பக்கம் அரிவாளை வைத்து ஒரு தட்டுத் தட்டி, காலால் ஒரு பாதியை மிதித்து மறு பாதியைக் கையால் இழுத்தார். மட்டை நுனி வரை நேர்கோடாகப் பிளந்தது. பாதியை முன்னால் போட்டு, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, முதல் ஓலையை மடக்கி அடுத்ததின் கீழே விட்டு, அதற்கடுத்ததின் மேலே எடுத்தார். பத்து எண்ணுவதற்குள் ஒரு சாண் பாய் விரிந்திருந்தது. அவர் ஓலையைப் பார்க்கவே இல்லை, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் ஓலை கொஞ்சம் குட்டை, அதனால் மடக்கு இறுக்கமாக வரும், வளைவு வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தை வெளியே வை தம்பி" என்றார். வளைவைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நாங்கள் ஏதோ உருண்டையாகச் செய்யப் போகிறோம் என்பதைப் பேச்சிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இதுதான் மற்ற மூன்றிலும் இல்லாதது. இலைக்கும் குச்சிக்கும் நாங்கள் படம் பார்த்துப் பழக வேண்டும். ஓலைக்கு ஊரிலேயே குரு இருக்கிறார். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் பணம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. கோயில் தோரணத்துக்குக் குருத்தோலையில் கிளியும் மீனும் செய்பவர் அடுத்த ஊரில் இருக்கிறார், அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பொருளும் ஒன்றல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. பச்சைக் கீற்று அடர்பச்சை. குருத்தோலை யானைத் தந்தத்தின் நிறம், மெழுகு பூசியதுபோல் வழவழக்கும். பனையின் சாரோலை விசிறியாகவே விரியும், வெட்ட வேண்டிய அவசியமில்லை. காய்ந்து விழுந்த காவோலை சாம்பல் பழுப்பு. பன்னாடை ஒரு வலை, வெயிலுக்கு எதிரே பிடித்தால் நிழலே நெசவாக விழும். பாளை ஒரு படகு. தேங்காய்நார்க் கயிறும் அங்கேயே திரிக்கலாம். இவ்வளவும் இரண்டே மரங்களிலிருந்து. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று பழமொழி சொல்கிறோமே, அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சுவர் செய்தால் பார்ப்பவர்களுக்கு விளக்கப் பலகை வேண்டியிருக்காது.

பெறுவதும் சுலபம். தென்னந்தோப்புகளில் ஏறத்தாழ 45 நாளுக்கு ஒரு வெட்டு நடக்கும். தேங்காய் பறிக்க ஏறுபவர் அடிமட்டைகளைக் கழித்து விடுவார். அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் பச்சை மட்டை இலவசமாகவோ வண்டிக் கூலிக்கோ கிடைக்கும். மரம் ஒன்று வருடத்துக்குப் பன்னிரண்டு மட்டைக்குக் குறையாமல் விடுகிறது. குருத்தோலையில் மட்டும் பேராசை கூடாது, குருத்து வெட்டினால் மரத்துக்குக் காயம். புயலிலோ மனைக்காகவோ விழுந்த மரத்திலிருந்து எடுங்கள், இல்லையென்றால் நான்கைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பச்சை ஓலை நான்கு நாளில் நிறம் மாறத் தொடங்கும். முதல் வாரத்தில் சுருங்கி, இறுக்கிக் கட்டியது தளரும். மறுபடி ஒரு முறை கட்டு இறுக்க வேண்டும். இரண்டாம் வாரம் வைக்கோல் நிறம், ஒரு மாதத்தில் பழுப்பு. பச்சையாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு அந்த மாற்றமே பிடித்திருக்கிறது, நாள்தோறும் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் நாள்தோறும் வேறொன்றைப் பார்ப்பார்கள். காய்ந்த பிறகு தீப்பிடிக்கும் ஆபத்து குச்சியைவிடக் கூடுதல். அதனால் நிற்கும் நாளை முன்பே முடிவு செய்து, அந்த நாளில் பிரித்தே ஆக வேண்டும். காணும் பொங்கலன்று கூட்டம் வரும் இடத்தில் இரவுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பொதுவான சில விஷயங்கள். ஏரி யாருடையது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் கடிதம் வேண்டும். காப்புக்காட்டுக்குள் நுழைந்து எதையும் பொறுக்காதீர்கள், உதிர்ந்த இலையானாலும் அது வனச்சட்டத்தின் கீழ் வரும். குழந்தைகள் கையில் எருக்கு, அரளி, பார்த்தீனியம் மூன்றையும் கொடுக்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் அன்றைய நாள் மருத்துவமனையில் முடியும். கட்டுவதற்குப் பச்சை நிற நைலான் கயிறு கண்ணுக்குத் தெரியாது என்று சிலர் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஓலை மக்கிய பிறகு தெரியும், நீர்க்கோழியின் காலில். சணலோ தேங்காய்நாரோ மட்டும்.

முடிவு எடுக்க ஞாயிறு மாலை கரையில் உட்கார்ந்தோம். "எப்போதும்" என்றவன் குச்சிக்கு வாதாடினான், நன்றாகவே வாதாடினான். அவன் தங்கை ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள்: விலாவுக்கு மட்டும் முள் சீவிய கருவேலங்கழி, உடம்பு முழுவதும் ஓலை. குழி தோண்டாமல், கழிகளைக் கூடைபோல அடியில் வளையமாகக் கட்டி, வளையத்தின் மேல் மண் மூட்டை வைத்து நிறுத்துவது. பொங்கலுக்கு நிற்கும், தை கடைசியில் பிரித்துவிடுவோம். கழிகளை எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் அவன் விரும்பியபடி குச்சி வேலைக்கு அச்சாரம் ஆயிற்று. வடிவம் பஞ்சாரம்தான், பத்தடி விட்டம், தெற்குப் பக்கம் ஒரு வாசல்.

ஆயாவிடம் போய்ச் சொன்னோம். கூலி பேசவில்லை, கொடுப்பதைக் கொடுங்கள் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: பிரிக்கும் நாளில் தன்னைக் கூப்பிட வேண்டும். ஈர்க்கு அவருக்கு, துடைப்பத்துக்கு. மட்டை அடுப்புக்கு. மிஞ்சும் ஓலையை எங்கள் தோட்டத்துத் தென்னைக்கு மூடாக்காகப் போட நான் கேட்டு வைத்திருக்கிறேன். மரம் ஏறுபவர் பொங்கலுக்கு ஆறு நாள் முன்னால் வருகிறார். அறுபது மட்டை சொல்லியிருக்கிறது.